மீட்டர் சொல்வது மெய்யா? விமான வயரிங், சென்சார் பழுதுகளை அறிகுறி வாரியாகத் தேடும் முறை

டெல்டாவில் எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறவர்களுக்கும், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்துவிட்டு விமானப் பராமரிப்புப் படிப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் திருச்சியில் விமானம் ஏறி துபாய், ஷார்ஜா, சிங்கப்பூர் என்று போனவர் இல்லாத தெரு அநேகமாகக் கிடையாது. அதனால் உலகத்தில் எங்கே விமானம் விழுந்தாலும் இங்கே டீக்கடையில் பேச்சு வந்துவிடும். "வயர்ல ஏதோ கோளாறாம்ணே", "சென்சார் போயிடுச்சாம்" என்பதோடு அது முடிந்தும் விடும். தொழில் தெரிந்தவர்கள் அங்கே நிற்கக் கூடாது.

பழுது கண்டுபிடிக்கும் பாடத்துக்கு நான் வகுப்பில் எடுப்பது விபத்து விசாரணை அறிக்கைகளைத்தான். அவற்றைப் படிக்கப் படிக்க ஒன்று உறுதியாகிறது: ஒரு சென்சார் கெட்டதால் மட்டும் விமானம் விழுவது அபூர்வம். கெட்ட சென்சார் சொன்னதை வேறு யாரையும் கேட்காமல் ஏதோ ஒரு கம்ப்யூட்டரோ ஒரு மனிதரோ நம்பியிருப்பார்கள். ஆகவே எந்த அறிகுறி வந்தாலும் இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதே விஷயத்தைச் சொல்ல, இந்த வயரோடும் குழாயோடும் தொடர்பே இல்லாத வேறு சாட்சி உண்டா? இந்த சிக்னலை எந்தெந்தப் பெட்டிகள் நம்பிக்கொண்டிருக்கின்றன?

அறிகுறி: ஏற ஏற ஒரு பக்கத்து வேகம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது

பிட்டோ குழாய் அடைத்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். எதிர்காற்றின் அழுத்தத்தை வாங்குவது அந்தக் குழாய். சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைத் தருவது உடம்புப் பக்கத்தில் இருக்கும் ஸ்டாட்டிக் துளை. இரண்டின் வித்தியாசத்தைத்தான் மீட்டர் வேகமாகக் காட்டுகிறது. குழாய் அடைத்தால் உள்ளே சிக்கிய அழுத்தம் அப்படியே நிற்கும். விமானம் ஏறும்போது வெளி அழுத்தம் குறையும், வித்தியாசம் பெருகும், வேகம் கூடுவதாக மீட்டர் காட்டும். உண்மையில் விமானம் வேகம் இழந்துகொண்டும் இருக்கலாம்.

1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசில் பிர்கன்ஏர் நிறுவனத்தின் போயிங் 757 விமானம் ஒன்று இப்படித்தான் கடலில் விழுந்தது. 189 பேர் இறந்தார்கள். விமானம் பல நாள் தரையில் நின்றிருந்தது. பிட்டோ குழாய்க்கு உறை மாட்டவில்லை. மண் கூடு கட்டும் குளவி உள்ளே புகுந்திருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. நம் ஊரில் சாவித் துவாரத்தையும் பைப் வாயையும் குளவி எத்தனை சீக்கிரம் அடைத்துவிடுகிறது என்று பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. கேப்டன் பக்கத்து மீட்டர் மட்டும்தான் தவறு. துணை விமானியின் மீட்டரும் நடுவில் இருந்த மீட்டரும் சரியாக இருந்தன. ஆனால் ஆட்டோ பைலட் கேப்டன் பக்கத்துக் கணக்கை நம்பியிருந்தது. வேகம் அதிகமாகிவிட்டது என்று அது மூக்கைத் தூக்கிக்கொண்டே போனது.

தரையில் செய்ய வேண்டியது: உறை மாட்டியிருந்ததா என்று கேளுங்கள். குழாய் வாயையும் தண்ணீர் வடியும் சின்னத் துளையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஹீட்டர் கரன்ட் இழுக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஸ்விட்ச் போட்டதும் விளக்கு அணைந்தது என்பது மட்டும் போதாது.

ஒரு பக்கம் மட்டுமில்லாமல் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில், அதுவும் உயரத்தில் பறக்கும்போது, வேகம் சடாரென்று விழுந்தால் பனித்துகளை நினையுங்கள். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447இல் பிட்டோ குழாய்கள் பனியால் சிறிது நேரமே அடைத்தன. அதற்குள் ஆட்டோ பைலட் விலகிவிட்டது, விமானிகள் மூக்கைத் தூக்கி விமானத்தை ஸ்டால் நிலைக்கு, அதாவது இறக்கை தூக்குவிசை இழக்கும் நிலைக்கு, கொண்டுபோய்விட்டார்கள். 228 பேர் போனார்கள். அந்த அறிக்கையில் என்னை அதிகம் கலங்கவைக்கிற இடம் வேறு. அளந்த வேகம் 60 நாட் (மணிக்குச் சுமார் 110 கி.மீ.) அளவுக்குக் கீழே போனால் கம்ப்யூட்டர் சென்சார் கணக்கைச் செல்லாது என்று தள்ளிவிடும்; ஸ்டால் எச்சரிக்கை நின்றுவிடும். மூக்கைத் தாழ்த்தினால், அதாவது சரியானதைச் செய்தால், கணக்கு மறுபடி செல்லுபடியாகி எச்சரிக்கை திரும்பக் கத்தும். எச்சரிக்கை நின்றது என்பதால் நிலைமை சீரானது என்று ஆகிவிடாது.

அறிகுறி: உயரமும் வேகமும் இரண்டு பக்கமும் சேர்ந்தே உளறுகின்றன

ஸ்டாட்டிக் துளைகளைப் பாருங்கள். 1996 அக்டோபர் 2, பெருவில் லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 757. விமானத்தைக் கழுவும்போது அந்தத் துளைகள் மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். இரவு, கீழே கடல், கண்ணுக்கு ஒரு அடையாளமும் இல்லை. விமானிகள் கண்ட்ரோல் டவரிடம் உயரம் கேட்டார்கள். டவர் திரையில் பார்த்துச் சொன்னது. அந்தத் திரைக்கு உயரத்தை அனுப்பியது இதே விமானத்தின் டிரான்ஸ்பாண்டர்தான், அதாவது ரேடாருக்குப் பதில் சொல்லும் ரேடியோப் பெட்டி. இதே அடைபட்ட துளையிலிருந்து வந்த கணக்குதான். விமானம் கடல்மட்டத்தைத் தொட்டபோதும் அது 9,700 அடி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எழுபது பேர் இறந்தார்கள்.

முதல் கேள்வியை நான் அத்தனை அழுத்திச் சொல்வது இதனால்தான். இரண்டு இடத்திலிருந்து ஒரே பதில் வந்தால் அது இரண்டு சாட்சி ஆகாது. மூலம் வேறாக இருக்க வேண்டும். அங்கே நிஜமான தனிச் சாட்சி ரேடியோ ஆல்டிமீட்டர். தரையை நோக்கி அலை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை அளக்கும் கருவி அது. ஸ்டாட்டிக் துளையோடு சம்பந்தமில்லை. அதை வைத்து ஓடும் தரை நெருங்கும் எச்சரிக்கை சரியாகவே ஒலித்தது. அத்தனை குழப்பத்துக்கு நடுவில் அதை மட்டும் பிரித்து நம்ப அவர்களுக்கு வழி இல்லாமல் போனது.

அறிகுறி: ஒரு பக்கத்து ஸ்டிக் ஷேக்கர் மட்டும் நிற்காமல் உதறுகிறது, கூடவே வேகமும் உயரமும் பொருந்தவில்லை

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம். ஸ்டால் நெருங்குகிறது என்று விமானியின் கைப்பிடியை உதறி எச்சரிப்பது ஸ்டிக் ஷேக்கர். மூக்கின் இருபுறமும் காற்றின் திசைக்குத் திரும்பும் சின்னத் தகடு இருக்கும்; விமானம் காற்றை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்று அது சொல்லும். ஏஓஏ சென்சார் என்பார்கள். தகடு திரும்பினால் உள்ளே ரிசால்வர் என்கிற சுருள் கோணத்தை மின் சிக்னலாக மாற்றும். இந்த ஒரே சிக்னலை ஸ்டிக் ஷேக்கர் நம்புகிறது. வேகத்தையும் உயரத்தையும் திருத்தும் கணக்கும் நம்புகிறது. ஆகவே இது கெட்டால் மூன்று நான்கு இடத்தில் விளக்கு எரியும். ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக வைத்தியம் பார்த்தால் வேர் கிடைக்காது.

2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் லயன் ஏர் 737 மேக்ஸ் ஒன்றில் கேப்டன் பக்கத்து வேகமும் உயரமும் விட்டு விட்டு மறைந்தன. டென்பசாரில் இடது ஏஓஏ சென்சாரை மாற்றினார்கள். மாட்டியது பழுதுபார்க்கப்பட்ட பழைய சென்சார். பழுதுபார்த்த இடத்திலேயே அளவு 21 டிகிரி தள்ளி அமைந்துவிட்டது. நம் கையில் இருக்கும் மல்டி மீட்டர் இதைப் பிடிக்காது என்பதைக் கவனியுங்கள். கண்டினியுட்டி சரி, சுருளின் ஓம் சரி, இன்சுலேஷன் சரி. மின்சார ரீதியாக அது ஆரோக்கியமான சென்சார். சொல்லும் கோணம் மட்டும் தப்பு. மாட்டியபின் தகட்டைத் தெரிந்த கோணத்தில் நிறுத்தி கம்ப்யூட்டர் என்ன படிக்கிறது என்று பார்த்தால் மட்டுமே தெரியும். அந்தச் சோதனை முறையாக நடந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அன்றிரவு அதே விமானம் ஜகார்த்தாவுக்குப் பறந்தது. கேப்டன் பக்கத்து ஸ்டிக் ஷேக்கர் பயணம் முழுக்க உதறியது. மூக்கு தானாகக் கீழே போனது. காக்பிட்டில் கூடுதலாக ஒரு விமானி உட்கார்ந்திருந்தார். வால் பகுதியை அசைத்து மூக்கை ஏற்றி இறக்கும் டிரிம் மோட்டாரின் கட்அவுட் ஸ்விட்சை அணைத்துச் சமாளித்துத் தரையிறக்கினார்கள். இறங்கியபின் லாக் புத்தகத்தில் எழுதியது வேகமும் உயரமும் பொருந்தவில்லை என்பதும், ஃபீல் டிஃப் பிரஷர் (கைப்பிடிக்கு இறுக்கம் தரும் அமைப்பின் அழுத்த வித்தியாசம்) விளக்கு எரிந்தது என்பதும்தான். ஸ்டிக் ஷேக்கர் உதறியதை எழுதவில்லை. கட்அவுட் ஸ்விட்சை அணைத்ததை எழுதவில்லை. படித்த பராமரிப்பு ஆட்கள் எழுதியிருந்ததற்கு ஏற்ப வேலை செய்தார்கள்: பிட்டோ, ஸ்டாட்டிக் பக்கத்தை ஊதிச் சுத்தம் செய்தார்கள், ஒரு கனெக்டரைத் துடைத்து மாட்டினார்கள். மறுநாள் காலை, அக்டோபர் 29, அந்த விமானம் ஜாவா கடலில் விழுந்தது. 189 பேர்.

மூக்கைத் தானாகத் தாழ்த்தியது எம்கேஸ் (MCAS) என்ற மென்பொருள். அது ஒரு பறப்பில் ஒரே ஒரு ஏஓஏ சென்சாரை மட்டும் நம்பும்படி அமைக்கப்பட்டிருந்தது. வலது பக்கம் சரியான கோணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தும் அதைக் கேட்க ஆளில்லை. கேப்டன் இருபது தடவைக்கு மேல் மூக்கைத் தூக்கினார். ஒவ்வொரு தடவையும் அது மறுபடி தாழ்த்தியது. இப்போது இரண்டு சென்சாரையும் ஒப்பிட்டு, 5.5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எம்கேஸ் வேலை செய்யாதபடி மாற்றியிருக்கிறார்கள். டிரிம் மோட்டாருக்குப் போகும் வயர்களையும் கட்டுக்குள் பிரித்து வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

2019 மார்ச் 10, எத்தியோப்பியன் 302, 157 பேர். இங்கே அறிகுறி வேறு மாதிரி. கிளம்பிய சற்று நேரத்தில் இடது கோணம் ஒரே தாவாக 74.5 டிகிரிக்குப் போனது, வலது 15.3இல் இருந்தது. எத்தியோப்பிய விசாரணை மின்சாரக் கோளாறு என்றது. அமெரிக்க, பிரெஞ்சு விசாரணை அமைப்புகள் பறவை மோதித் தகடு போயிருக்கும் என்றன. என் சாய்வு இரண்டாவது பக்கம்தான். அதே நொடியில் தகட்டின் ஹீட்டரும் செத்தது பதிவாகியிருக்கிறது. கோண சிக்னலும் ஹீட்டர் மின்சாரமும் தனித்தனிச் சுற்று. இரண்டும் சேர்ந்து போக வேண்டுமென்றால், இரண்டும் சந்திக்கும் இடமான அந்தத் தகட்டிலேயே ஏதோ நடந்திருக்க வேண்டும் என்பதே எளிய வழி. ஒரே நொடியில் இரண்டு பழுது வந்தால், அந்த இரண்டும் எந்த இடத்தில் சேர்கின்றன என்று வரைபடத்தில் விரல் வைத்துத் தேடுங்கள்.

அறிகுறி: மூன்றில் இரண்டு ஒத்துப்போகின்றன

மூன்றாவதைக் கழித்துவிடத் தோன்றும். 2008 நவம்பர் 27, பிரான்சில் பெர்பினியன் அருகே சோதனைப் பறப்பில் இருந்த ஏர்பஸ் ஏ320 விமானம். மூன்று நாள் முன்பு விமானத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியபோது ஏஓஏ சென்சார்களுக்கு மூடி போடவில்லை. உள்ளே புகுந்த தண்ணீர் உயரத்தில் உறைந்து, இரண்டு சென்சார்கள் ஒரே கோணத்தில் சிக்கிக்கொண்டன. கம்ப்யூட்டர் பெரும்பான்மையை எடுத்துக்கொண்டு சரியாக இருந்த மூன்றாவதை ஒதுக்கியது. ஏழு பேர் இறந்தார்கள். விமானம் அசையும்போதும் ஒரு சென்சாரின் எண் அசையாமல் நின்றால் அதைச் சந்தேகியுங்கள், துணைக்கு இன்னொன்று இருந்தாலும்.

அறிகுறி: இறங்கும்போது த்ராட்டில் தானாகப் பின்வாங்குகிறது, வெகு உயரத்திலேயே சக்கர எச்சரிக்கை கத்துகிறது

ரேடியோ ஆல்டிமீட்டர். 2009 பிப்ரவரி 25, ஆம்ஸ்டர்டாமில் துருக்கி ஏர்லைன்ஸ் 737. 1,950 அடி உயரத்தில் இடது ரேடியோ ஆல்டிமீட்டர் சட்டென்று மைனஸ் 8 அடி என்றது. வலது சரி. ஆட்டோ த்ராட்டில் இடதை நம்பியது. தரை வந்துவிட்டது என்று எஞ்சினைத் தணித்தது. வேகம் குறைந்தது, ஒன்பது பேர் இறந்தார்கள். அதே விமானத்தில் அதற்கு முந்தைய எட்டு இறக்கங்களில் இரண்டு தடவை இது வந்து போயிருக்கிறது. சக்கர எச்சரிக்கையைத் தொந்தரவு என்று ஒதுக்கியவர்களுக்கு அது எஞ்சினோடும் பேசும் என்று தெரியாது. இரண்டாவது கேள்வி இதற்காகத்தான்.

அறிகுறி: செயற்கை அடிவானம் ஒரு பக்கம் மட்டும் சாய்கிறது அல்லது சாய மறுக்கிறது

1978 ஜனவரி 1 அன்று பம்பாயில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏர் இந்தியாவின் எம்பரர் அசோகா என்ற 747 பாந்த்ராவுக்கு அப்பால் கடலில் விழுந்து 213 பேர் இறந்தார்கள். இருட்டுக் கடல், விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் அடிவான மீட்டர் கேப்டன் பக்கத்தில் பழுது, அதை அவர் நம்பினார்.

இதே அறிகுறியில் கைவேலைக்காரன் படிக்க வேண்டியது 1999 டிசம்பர் 22, லண்டன் ஸ்டான்ஸ்டெட்டில் விழுந்த கொரிய சரக்கு 747. முந்தைய பயணத்தில் கேப்டன் மீட்டர் சாய்வைச் சரியாகக் காட்டவில்லை என்று சொல்லப்பட்டது. பொறியாளர் மீட்டரைக் கழற்றினார். கனெக்டரில் ஒரு சாக்கெட் பின்னால் தள்ளியிருந்தது. அதைச் சரிசெய்து மாட்டி டெஸ்ட் பட்டனை அழுத்தினார், பாஸ். ஆனால் பழுது மீட்டரில் இல்லை, விமானத்தின் சாய்வை உணர்ந்து அதற்கு சிக்னல் கொடுக்கும் இனர்ஷியல் பெட்டியில் இருந்தது. மீட்டரின் டெஸ்ட் பட்டன் மீட்டரை மட்டும்தான் சோதிக்கும்.

கண்ணுக்குத் தெரிந்த முதல் பழுது நாம் தேடி வந்த பழுதாக இருக்க வேண்டும் என்று இல்லை. மோட்டார் கொட்டகையில் எலி கடித்த வயரைப் பார்த்ததும் டேப் சுற்றிவிட்டுக் கிளம்புகிறோம். மறுநாள் ஸ்டார்ட்டர் மறுபடி டிரிப் ஆகிறது. கண்டுபிடித்ததைச் சரிசெய்தபின், சொல்லப்பட்ட அறிகுறி இதனால் வர முடியுமா என்று வரைபடத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அறிகுறி: லேசான தீய்ந்த வாடை, பிரேக்கர் விழவில்லை

1998 செப்டம்பர் 2, சுவிஸ்ஏர் 111. இரவு 10.10க்குக் காக்பிட்டில் ஏதோ வாடை. ஏசியிலிருந்து வருகிறது என்று நினைத்தார்கள். 10.31க்கு விமானம் கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலில் விழுந்தது, 229 பேர். கூரைக்கு மேலே வயரில் பொறி பறந்து, அருகிலிருந்த இன்சுலேஷன் போர்வையின் மேலுறையில் தீ பற்றியிருந்தது. உடைந்த துண்டுகளைக் கடலிலிருந்து அள்ளி, உருகிய செம்பு மணி உறைந்திருந்த வயர்த் துண்டைத் தேடி எடுத்தார்கள். பயணிகளின் பொழுதுபோக்குத் திரைகளுக்குப் போன வயர் அது.

பிரேக்கர் ஏன் விழவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். "சார், ஷார்ட் ஆனா எம்சிபி விழணும்ல?" சாதாரண பிரேக்கர் சூட்டையோ பெரிய கரன்ட்டையோ பார்த்து விழுகிறது. விட்டு விட்டு வரும் பொறியில் சராசரி கரன்ட் குறைவு. பொறி பறக்கும் இடத்திலோ ஆயிரக்கணக்கான டிகிரி சூடு. அதனால் பிரேக்கர் விழாதது வயர் நன்றாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. விழுந்த பிரேக்கரை காரணம் தெரியாமல் தூக்கிவிடவும் கூடாது.

1996 ஜூலை 17 அன்று நியூயார்க் அருகே வெடித்த டிடபிள்யூஏ 800இல் 230 பேர். நடு டேங்கில் கொஞ்சம் எரிபொருள், மீதி சூடான ஆவி. டேங்குக்குள் போகும் எரிபொருள் அளவு வயரில் மிகச் சிறிய மின்சாரம்தான் ஓட வேண்டும். டேங்குக்கு வெளியே அதே வயர்க் கட்டுக்குள் அதிக வோல்டேஜ் வயர்களும் போயின. வெளியே ஏற்பட்ட ஷார்ட் அந்த அளவு வயர் வழியாக உள்ளே போயிருக்கும் என்பது விசாரணையின் கணிப்பு. வெடிப்புக்குச் சுமார் இரண்டு நிமிடம் முன்னால், நான்காம் எஞ்சின் எரிபொருள் ஓட்ட மீட்டர் கிறுக்குத்தனமாகக் காட்டுகிறது என்று கேப்டன் சொன்னது பதிவாகியிருக்கிறது. சம்பந்தமில்லாத மீட்டர் ஆடினால், அதன் வயர் யாரோடு ஒரே கட்டில் படுத்திருக்கிறது என்று பாருங்கள்.

வயரை எப்படிப் பார்ப்பது? கிளாம்ப் கடிக்கும் இடம், உலோக விளிம்பு மேல் வளையும் இடம், துளைக்குள் நுழையும் இடம், இந்த மூன்றிலும் வயர்க் கட்டை மெதுவாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். துளையிட்ட உலோகத் தூள் கட்டுக்குள் கிடந்தால் நுண்ணிய பல் மாதிரி இன்சுலேஷனைத் தின்றுகொண்டே இருக்கும். வகுப்பில் வயர் முனையில் அழுத்திய ஒரு பழைய லக்கை நீளவாக்கில் அறுத்துக் காட்டுவேன்: வெளியே பளிச்சென்று நன்றாக அழுத்தியதாகத் தெரியும், உள்ளே ஏழெட்டு இழை வெட்டுப்பட்டு மீதி இழை மட்டும் கரன்ட்டைச் சுமந்திருக்கும். ஸ்ட்ரிப்பர் பிளேடு ஒரு மயிரிழை கீழே இறங்கினால் இதுதான் நடக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்றைச் சொல்லவே வேண்டாம்: உப்புக் காற்றில் செம்பு பச்சைக் களிம்பு பிடித்து இழைக்குள்ளேயே ஏறிப் போகும். வெளியே துடைத்தால் போகாது, வெட்டிப் புதிதாக அழுத்த வேண்டும்.

அறிகுறி: எல்லா மீட்டரும் நன்றாக இருக்கின்றன

2018 அக்டோபர் 12 அதிகாலை, திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய 737 ஓடுபாதைக் கோடியில் ஆன்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் இடித்துவிட்டு மேலே போனது. வயிற்றுப் பகுதி கிழிந்திருந்தது. காக்பிட்டில் எல்லாம் சரியாகவே காட்டியது. பிறகு மும்பைக்குத் திருப்பி இறக்கினார்கள், யாருக்கும் ஆபத்தில்லை. சென்சார் வைத்த இடத்தைப் பற்றி மட்டும்தான் சென்சார் பேசும். இடித்த சத்தம் கேட்டால் மீட்டரை அல்ல, உடம்பைப் போய்ப் பாருங்கள்.

அகமதாபாத்தைக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. 2025 ஜூன் 12 விபத்தின் முதல்கட்ட அறிக்கையில், இரண்டு எஞ்சின் எரிபொருள் ஸ்விட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில் கட்ஆஃப் நிலைக்குப் போனதாகப் பதிவு இருக்கிறது. ஏன் அணைத்தாய் என்று ஒரு விமானி கேட்க, நான் அணைக்கவில்லை என்று மற்றவர் சொன்னதும் இருக்கிறது. கறுப்புப் பெட்டி பதிவது ஸ்விட்சின் மின் நிலையை. ஸ்விட்சைத் தொட்டது யார், எது என்பதை அது பதிவதில்லை. இறந்த மனிதர்கள்மீது டீக்கடையில் தீர்ப்பு எழுதுவதை நிறுத்துங்கள் என்று என் மாணவர்களிடம் கறாராகவே சொல்கிறேன்.

அறிகுறி: மேலே வந்தது, தரையில் வரவில்லை

"பழுது கிடைக்கவில்லை" என்று எழுதி மூடிவிடுவது சுலபம். லயன் ஏரில் முதலில் கழற்றிய சென்சாரைப் பிறகு சோதித்தபோது, ரிசால்வர் சுருளின் மெல்லிய கம்பி சூடாக இருக்கையில் தொடுகிறது, குளிர்ந்தால் விலகுகிறது என்று தெரிந்தது. சூடாக இருக்கும்போது சோதித்தால் அது சரியாகவே வேலை செய்யும். 2008 அக்டோபர் 7, ஆஸ்திரேலியா அருகே குவான்டாஸ் ஏ330 இருமுறை மூக்கைக் கவிழ்த்து நூறு பேருக்கு மேல் காயப்பட்டார்களே, அந்தக் கணினிப் பெட்டியை எத்தனையோ சோதித்தும் பழுதைத் திரும்ப வரவழைக்க முடியவில்லை. ஆனால் அதே பெட்டி 2006இலும் ஒரு தடவை அப்படி உளறியிருந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது பழைய பதிவேடுதான்.

ஆகவே கனெக்டரைக் கையால் அசைத்துக்கொண்டே அளவைப் பாருங்கள். குளிர் ஸ்பிரே அடித்துப் பாருங்கள், சூடு காட்டிப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் எண்ணிட்ட சீட்டில் இதை எழுதிப் பெட்டியிலேயே கட்டுங்கள்: எந்த உயரம், வெளியே எத்தனை டிகிரி, மழையா, எந்தப் பக்கம் முதலில், அதே நொடியில் வேறு எந்த விளக்கு எரிந்தது, விமானி கையால் எந்த ஸ்விட்சைத் தொட்டார். விமானி நேரில் கிடைத்தால் அவர் எழுதியதைப் படித்துவிட்டு, எழுதாமல் விட்டது என்ன என்றும் கேளுங்கள்.